மன்னிக்க ஒன்றுமில்லை

காவிரி கடலைச் சேரும் இடத்தில் துறவிகளின் பள்ளி ஒன்று இருந்தது. மேற்கிலிருந்து கடல் கடந்து வந்த தியோன் என்ற யவனன், அங்கே ஒன்பது ஆண்டுகளாகச் சீடனாக இருந்தான்.

கப்பல் வரும் நாட்களில் முற்றத்தைப் பெருக்க அவனுக்கு நெடுநேரம் பிடிக்கும். முற்றத்தில் நின்றால் பாய்மரங்கள் தெரியும். எல்லோருக்கும் இது தெரியும். யாரும் கேட்டதில்லை.

மூன்று நாட்களாக அவன் கொல்லைப்புறத்தை மட்டுமே பெருக்கினான். வாயில் காக்கும் கொற்றன் அவனைத் தேடிக்கொண்டு அங்கேயே வந்துவிட்டான்.

"உன் அண்ணன் இன்னும் வாசலை விட்டு நகரவில்லை. என் கஞ்சியில் பாதி அவருக்குத்தான் போகிறது. நான் இளைத்துவிட்டேன், பார்."

"நான் சொன்னதைச் சொன்னாயா?"

"சொன்னேன். 'தியோனுக்கு உங்கள்மேல் கோபம் இல்லை, மன்னிக்க ஒன்றுமில்லை, நீங்கள் போகலாம்' என்றேன். மனிதர் அழுதுவிட்டார். அதற்குப் பதிலாக நீ அவரைக் கல்லெடுத்து அடித்திருக்கலாமாம்."

தியோன் தொடர்ந்து பெருக்கினான்.

"நீ உயிரோடு இருப்பது போன வருஷம்தான் அவர் காதுக்கு எட்டியதாம்."

"நாளைக் காலையில் கப்பல் புறப்படுகிறது. போய்விடுவார்."

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், தியோன் காய்ச்சலில் நினைவின்றிக் கிடந்தான். அவனை இந்தப் பள்ளியில் போட்டுவிட்டு, அண்ணன் நிக்கான் கப்பலேறிப் போனார். கண் விழித்தபோது கடல் காலியாக இருந்தது.

அன்று பிற்பகல் அவன் ஆசிரியர் சீலநந்தி அடிகளிடம் போனான்.

"அடிகளே, எங்கள் நாட்டு ஞானிகள் ஒன்று சொல்வார்கள். அறிவுள்ளவனுக்கு யாரும் தீங்கு செய்ய முடியாது. தீங்கு இல்லாத இடத்தில் கோபம் இல்லை. கோபம் இல்லாத இடத்தில் மன்னிப்புக்கு வேலை இல்லை. நீங்களும் கோபத்தை விடச் சொல்கிறீர்கள். இரண்டும் ஒன்றுதானே?"

"அந்த ஞானிகளுக்கு அண்ணன் தம்பி உண்டா?"

"தெரியாது."

"கேட்டிருக்கலாம்" என்றார் அடிகள்.

மணி ஒலித்தது. இருவரும் கூடத்துக்குப் போனார்கள்.

மழைக்காலம் முழுவதும் துறவிகள் வெளியூர் போகாமல் ஒரே கூரையின்கீழ் தங்குவார்கள். அன்று அது முடியும் நாள். அந்த நாளில், மூத்தவர் தொடங்கி ஒவ்வொருவராக மண்டியிட்டு, தம் குறைகளைச் சொல்லும்படி மற்றவர்களைக் கேட்பார்கள்.

மூத்தவரான சீலநந்தி முதலில் மண்டியிட்டார்.

"என்னிடம் கண்ட குற்றம், கேட்ட குற்றம், ஐயப்பட்ட குற்றம், எதுவானாலும் சொல்லுங்கள்."

யாரும் பேசவில்லை. அவர் எழுந்திருக்கவும் இல்லை. தியோன் பக்கம் திரும்பினார்.

"யாரும் காணாத ஒன்று இருக்கிறது. நானே சொல்கிறேன். அன்று உனக்கு மருந்து கொடுத்தவன் நான். பிழைப்பானா என்று உன் அண்ணன் கேட்டார். விடியும்வரை தாங்காது என்றேன். உன் நெற்றியில் கை வைத்தபடி வெகுநேரம் நின்றார். காற்று மாறப்போகிறது என்று மாலுமிகள் கூப்பிட்டார்கள். போனார். மறுநாள் நீ கண் விழித்துத் தண்ணீர் கேட்டாய்."

தியோன் எழுந்து நின்றான். மூத்தவர் மண்டியிட்டிருக்கும்போது அங்கே யாரும் எழக் கூடாது. அவன் வாயில் அவனுடைய தாய்மொழிதான் வந்தது. சொற்கள் ஒருவருக்கும் புரியவில்லை. ஆனால் அந்தக் குரலைக் கேட்டு, கூடத்தின் ஓரத்தில் நின்ற கொற்றன் தலை குனிந்துகொண்டான்.

பிறகு தமிழில் கேட்டான்.

"நெற்றியிலா?"

"ஆமாம்."

"ஒவ்வொரு கப்பலாகப் பார்த்தேன், அடிகளே. வேண்டாதவனைக் கரையில் வீசிவிட்டுப் போனார் என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். ஏன் சொல்லவில்லை?"

"சொல்லத்தான் பலமுறை வந்தேன். பயமும் இருந்தது. நீயோ, எனக்கு யார்மேலும் கோபமில்லை என்பாய். காயமே படவில்லை என்பவனிடம் எதற்காக மன்னிப்புக் கேட்பது? திரும்பிப் போய்விடுவேன்."

தியோன் அவரை நேராகப் பார்த்தான்.

"எனக்குக் கோபம் இருக்கிறது. உங்கள்மேல் இருக்கிறது. அவர்மேலும் இருக்கிறது."

"போய் அவரிடம் சொல்" என்றார் அடிகள். "மூன்று நாளாக அதைக் கேட்கத்தான் உட்கார்ந்திருக்கிறார்."