ஒற்றைக் கோட்டுக்காரன்

அந்தக் காலத்தில் பறவைகளுக்கென்று ஒரு பட்டாளம் இருந்தது. சிரிக்காதீர்கள். பறவைகளுக்குப் பேச்சு இருந்த காலத்தில் பட்டாளமும் இருக்கத்தானே செய்யும்? ஏரிக்கரையில் நின்ற பெரிய மருத மரம்தான் பாசறை. உச்சிக் கொப்பில் தளபதி இராசாளி. அவருக்குக் கீழே உடம்பில் கோடு போட்டவர்கள், ஆளுக்கொரு கொப்பில். மரத்துக்கு அடியில், வெறுந்தரையில், கோடே இல்லாத சிப்பாய்கள்.

இந்தக் கோட்டுக் கணக்கைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். கோடு இல்லாதவனுக்கு வேலை, நிற்கச் சொன்ன இடத்தில் நிற்பது. ஒற்றைக் கோட்டுக்காரனுக்கு வேலை, தானும் நிற்பது, நிற்கிற மற்றவர்களுக்கும் பதில் சொல்வது. இரட்டைக் கோட்டுக்காரன் ஒற்றைக் கோட்டுக்காரனை அதட்டுவான். அதற்கு மேலே போகப் போகக் கோடு கூடும், வேலை குறையும். எவனும் தனக்கு நேர் மேலே இருப்பவனிடம் மட்டும்தான் பேசலாம். ஒரு படி தாண்டி வாயைத் திறந்தால் இறகு மிஞ்சாது.

ஆள்காட்டிக் குருவி அப்போது கோடில்லாத சிப்பாய். மழையிலும் வெயிலிலும் ஏரிக்கரையில் காவல் நின்று நின்றே அவனுக்குக் கால் நீண்டுபோயிற்று. அவன் பெண்சாதி மட்டும் ஒரே பல்லவியைப் பாடிக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாளைக்குத்தாங்க தரையிலே முட்டையிட்டு மாட்டுக் குளம்புக்குக் கொடுக்கிறது? ஒரு கொப்பு கேளுங்களேன்."

"கோடு வந்தாத்தான் கொப்பு. கொஞ்சம் பொறு."

ஒருநாள் கோடு வந்தது. கண்ணோரத்தில் இருந்து கழுத்து வழியாக வயிறுவரை வெள்ளையாக ஒரு கோடு இழுத்துவிட்டார்கள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. நாலைந்து மைனாக்களை அவன் பொறுப்பில் விட்டார்கள். மரத்தில் ஒரு கொப்பும் கொடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் கீழே இருக்கிற கொப்புதான், ஆனாலும் கொப்பு கொப்புதானே! அவள் அங்கே சுள்ளி பொறுக்கிக் கூடு கட்டி, நான்கு முட்டை இட்டு உட்கார்ந்தாள். கீழே காவல் நின்றவன் நிமிடத்துக்கொரு தரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டான்.

அந்தப் பட்டாளத்தில் இன்னொரு சட்டமும் இருந்தது. உத்தரவு வராமல் யாரும் அபாயக் குரல் எழுப்பக் கூடாது. ஏன் தெரியுமா? முன்பு ஒரு சிப்பாய், காற்றில் ஆடிய கோரையைப் பார்த்து அலறிவிட்டான். தூங்கிக்கொண்டிருந்த தளபதி பதறி எழுந்து, கொப்பு தவறி, தொப்பென்று சேற்றில் விழுந்தார். சிப்பாய்கள் சிரித்துவிட்டார்கள். அன்று சாயங்காலமே சட்டம் வந்துவிட்டது. மீறினால் கோடும் போகும், கொப்பும் போகும்.

ஒரு நல்ல மத்தியான வெயிலில், கரைக்கு அந்தப் பக்கத்துப் புதரில் இருந்து உடும்புகள் வெளியே வந்தன. நாக்கை நீட்டி நீட்டி முகர்ந்துகொண்டு, நேரே மருத மரத்தைப் பார்த்து வந்தன. ஆள்காட்டி அதைப் பார்த்துவிட்டான். தனக்கு நேர் மேலே இருந்த இரட்டைக் கோட்டு வாலாட்டியிடம் ஓடினான்.

"அண்ணே, உடும்பு வருது. கூட்டமா வருது. குரல் கொடுக்க உத்தரவு வாங்கிக் குடுங்க."

வாலாட்டி வாலை ஆட்டிக்கொண்டே யோசித்தது. "நீயே பார்த்தியா, எவனாவது சொன்னானா?"

"என் கண்ணால பார்த்தேன் அண்ணே."

"சரி, என் பின்னாலயே வா. ஆனா நீ வாயைத் திறக்காதே."

இரண்டும் வாலாட்டிக்கு நேர் மேலே இருந்த கொண்டலாத்தியிடம் போய் நின்றன. கொண்டலாத்தியின் சிறகெல்லாம் கோடு. எண்ணி மாளாது. வாலாட்டி விஷயத்தைச் சொல்ல, அது ஒரு புழுவை நிதானமாக விழுங்கிவிட்டுத்தான் திரும்பியது.

"தளபதி இப்பத்தான் சாப்பிட்டுக் கண்ணசந்திருக்கார். எழுப்பினா யார் தலை போகும்?"

ஆள்காட்டிக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, அதுங்க மரத்தடிக்கே வந்துடுச்சுங்க."

"யாருடா இவன் நடுவுல பேசுறது? சரி, மரத்தடிக்கு வந்துடுச்சு. ஏறிடுச்சா?"

"இன்னும் இல்லைங்க ஐயா."

"அப்ப ஏறினதும் வந்து சொல்லு. அரைகுறைத் தகவலை எல்லாம் நான் மேலே கொண்டுபோக முடியாது."

அட பாவிகளா! ஆள்காட்டி காவலிடத்துக்கு ஓடி வந்தான். முதல் உடும்பு அடிமரத்தைக் கட்டிப் பிடித்துவிட்டது. கத்தலாம். கத்தினால் மரமே விழித்துக்கொள்ளும். ஆனால் கத்தினால் அந்தக் கொப்பு போய்விடும். எத்தனை வருசம் நின்று வாங்கிய கொப்பு, அவளுக்காக வாங்கிய கொப்பு. தொண்டைவரை வந்த குரலை அவன் விழுங்கினான். உத்தரவு வருமா என்று மேலே பார்த்தான். எதுவும் வரவில்லை.

மரம் ஏறுகிற உடும்புக்கு முதலில் அகப்படுவது கீழ்க்கொப்புதான். அவள் சிறகை விரித்து முட்டைகளை மூடிக்கொண்டு, உயிர் போகிற மாதிரி கத்தினாள். அந்தச் சத்தத்தில்தான் மரம் முழுக்க விழித்தது. கோடு போட்டவர்கள் எல்லாரும் விர்ரென்று பறந்து தப்பினார்கள். இராசாளி இறங்கி அடித்த அடியில் உடும்புகளும் ஓடின. மேல்கொப்புக் கூடு ஒன்றுகூடக் கலையவில்லை. அவளையும் காயத்தோடு மீட்டுவிட்டார்கள். நான்கு முட்டைகளும் போயின.

அவள் தத்தித் தத்தி அவனிடம் வந்தாள்.

"உங்களுக்குத் தொண்டை இல்லையா?"

"உத்தரவு வரலை."

"எனக்கு எவன் உத்தரவு குடுத்தான்?"

அவன் அழுதான். அன்று அழுததில் கண்ணோரத்துச் சதை சிவந்தது, சிவந்ததுதான்.

சாயங்காலம் விசாரணை நடந்தது. இராசாளிக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"பகை கண் முன்னால வருது. வாயைத் திறக்கலை. ஏண்டா?"

"உத்தரவுக்குக் காத்திருந்தேனுங்க ஐயா."

"ஆபத்து நேரத்துல உத்தரவுக்குக் காத்திருக்கிறவன் என்னடா சிப்பாய்?"

ஆள்காட்டி கொண்டலாத்தியைப் பார்த்தான். கொண்டலாத்தி தன் நகத்தைப் பார்த்துக்கொண்டது. "இவன் முறையாச் சொல்லலைங்க. அரைகுறையாச் சொன்னான்," என்றது. வாலாட்டி ஆமாம் என்று வாலை ஆட்டியது. ஆபத்திலும் பதறாமல் இருந்ததற்காகக் கொண்டலாத்தி தலையில் ஒரு கொண்டையைச் சூட்டினார்கள். நான் சொல்வதை நம்புங்கள், அந்தக் கொண்டை அப்படி வந்ததுதான்.

"இவன் கோட்டை அழிச்சிடலாமா ஐயா?" என்று வாலாட்டி கேட்டது.

"வேண்டாம்," என்றார் தளபதி. "கோடு இருந்தாத்தான் தப்பு யாருதுன்னு எல்லாருக்கும் தெரியும். இவனும் இவன் இனமும் இனிமே மரத்தைத் தொடக் கூடாது. பின்விரலை எடுத்துடுங்க. கொப்பைப் பிடிக்கவே முடியக் கூடாது."

உத்தரவை நிறைவேற்றும் வேலை யாருக்குப் போயிற்று? அவன் பொறுப்பில் இருந்த அதே மைனாக்களுக்குத்தான். கோடில்லாதவர்கள், மறுக்க முடியுமா? "மன்னிச்சுக்கோ அண்ணே, உத்தரவு," என்று சொல்லிக்கொண்டே கொத்தினார்கள். அவன் காலை நீட்டிக் கொடுத்தான். அவர்கள் மேல் அவனுக்குக் கோபமே வரவில்லை. அவளும் தன் காலை நீட்டினாள். இரண்டு பேருக்கும் பின்விரல் இருந்த இடத்தில் ஒரு துணுக்குத்தான் மிச்சம்.

இருட்டும் முன்பே இருவரும் நடந்து போய்விட்டார்கள். மறுவருசம் ஒரு பொட்டலில், கூழாங்கல்லுக்கு நடுவே, அவள் மறுபடி முட்டையிட்டாள். தூரத்தில் ஒரு மாடு தலையைத் தூக்கியதுமே அவன் கத்த ஆரம்பித்தான். தளபதியின் நிழல் மேலே போனபோதும் கத்தினான். யாரையும் கேட்கவில்லை.

அன்றைக்குத் தொடங்கியது இன்றுவரை நிற்கவில்லை. ஆள்காட்டி மரத்தில் உட்காருவதில்லை, தரையில்தான் முட்டையிடுகிறது, யார் தலை தெரிந்தாலும் எவன் உத்தரவும் கேட்காமல் அலறுகிறது. மேல்கொப்பில் இருக்கிறவர்கள் எல்லாரும் அந்தச் சத்தம் கேட்டுத்தான் பறந்து உயிர் தப்புகிறார்கள். தப்பிப் போய் அடுத்த மரத்தில் உட்கார்ந்துகொண்டு, "சனியன், என்ன தொண்டை இது!" என்று அவனைத்தான் ஏசுகிறார்கள்.