சரிபார்க்கப்பட்டது

வெகு வெகு காலத்துக்கு முன்னால், செங்கமலபுரி என்று ஒரு நாடு இருந்தது. அறுவடை முடிந்ததும் ஊரூராக விதைநெல்லைக் கொண்டுவந்து ராஜாவின் களஞ்சியத்தில் சேர்ப்பார்கள். மழை விழுந்ததும் திரும்ப வாங்கிப்போய் விதைப்பார்கள். நெல்லைச் சோதிக்க மூன்று பண்டிதர்கள். மூவருக்கும் பட்டு அங்கவஸ்திரம், பல்லக்கு, நீளநீளமாகப் பட்டம். குனிந்து ஒரு நெல்லை எடுத்துக் கடித்துப் பார்க்கத்தான் முதுகு வளையாது.

இந்தச் சோம்பேறிகளைத் தேடி ஒரு மாயாவி வந்தான். ஆளுக்கொரு மர முத்திரை கொடுத்தான். ‘சரிபார்க்கப்பட்டது’ என்று அதில் செதுக்கியிருந்தது. குவியல்மேல் குத்தினால் போதும், நெல் பொன்னாக மின்னும். பண்டிதர்களுக்குத் தலைகால் புரியவில்லை. பார்க்காமலே குத்தினார்கள், குத்தினார்கள், குத்திக்கொண்டே இருந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்த ராஜாவும் ஆசைக்கு ஒரு குவியல்மேல் குத்திவிட்டுப் போனார்.

களஞ்சியத்தில் நெல் புடைக்கிற வேலை வெள்ளச்சிக்கு. மழை விழுந்த அன்று ஒரு படி அள்ளி முறத்தில் போட்டுப் புடைத்தாள். மொத்தமும் காற்றில் பறந்தது. அத்தனையும் பதர்! அவள் ஊரான கொன்றைக்குளத்தின் விதை முழுக்க அங்கேதான் கிடந்தது. மூன்று நாளில் விதைக்காவிட்டால் ஈரம் போய்விடும், ஊரே பட்டினி.

முதல் பண்டிதரிடம் ஓடினாள்.

“சாமி, நெல்லெல்லாம் பதரு! நீங்க பாத்தீங்களா, இல்லியா?”

“இரண்டாமவர் முத்திரை இருந்தது. அதைப் பார்த்தேன்.”

இரண்டாமவரிடம் ஓடினாள்.

“மூன்றாமவர் முத்திரை இருந்தது. அதைப் பார்த்தேன்.”

மூன்றாமவர் வாகீசர், மூவரிலும் பெரியவர். அவரிடமும் ஓடினாள்.

“முதலாமவர் முத்திரை இருந்தது. அதைப் பார்த்தேன். போடி, உன் முறமா எனக்குப் பாடம் சொல்வது?”

வெள்ளச்சிக்கு ரத்தம் கொதித்தது. கொதிக்காதா பின்னே? களஞ்சிய வாசலில் அவள் போட்ட கூச்சலில் ராஜாவே இறங்கி வந்துவிட்டார். அவர் முகத்துக்கு நேரே புடைத்தாள். பதர் பறந்து போய்க் கிரீடத்தில் ஒட்டிக்கொண்டது.

உடனே மாயாவி தோன்றி, வயிறு குலுங்கச் சிரித்தான்.

“அரிசியெல்லாம் என் பூதங்கள் வயிற்றில்! செய்த தப்பை அவரவர் வாயால் ஒப்புக்கொண்டால் நெல் திரும்பும். நீங்களாவது, ஒப்புக்கொள்வதாவது! அந்தத் தைரியத்தில்தானே இங்கே வந்தேன்!”

வெள்ளச்சி முன்னால் வந்தாள். “போன மாசமே ஒரு குவியல் லேசா இருந்துச்சு. வேலை போயிரும்னு நான் வாயத் தொறக்கல.” சொல்லி முடிக்குமுன் அவள் காலடியில் ஒரு குவியல் கனத்து நிறைந்தது.

வாகீசர் தொண்டையைக் கனைத்தார். “சரிபார்ப்பில் சில குறைகள் ஏற்பட்டுள்ளன.”

ஒரு நெல் அசையவில்லை.

“போதிய கவனம் செலுத்தப்படவில்லை.”

அசையவில்லை.

“இதற்காக வருந்தப்படுகிறது.”

“யாரு வருந்துறா? காத்தா? கதவா?” வெள்ளச்சி கத்தினாள். “புள்ளைங்க சோத்துக்கு என்ன பண்ணும்? யாரு பாக்கல, சொல்லுங்க சாமி!”

வாகீசருக்கு வேர்த்துக் கொட்டியது. “நான்… நான் பார்க்கவில்லை.”

சலசலவென்று நெல் கொட்டியது. மற்ற இருவரும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அப்படியே சொன்னார்கள். குவியல் குவியலாக நிறைந்தது, ஒன்றைத் தவிர. அது கொன்றைக்குளத்து விதை. ராஜா ஆசைக்குக் குத்திய குவியல்.

எல்லோரும் ராஜாவைப் பார்த்தார்கள். அவர் மீசையை நீவிக்கொண்டு கம்பீரமாகச் சொன்னார், “நாம் பார்க்கவில்லை.”

பதர் பதராகவே கிடந்தது.

“நாமன்னா எங்களையும் சேத்துத்தான மகாராசா?” என்றாள் வெள்ளச்சி. “நாங்க ஏன் வரணும்? குத்துனது நீங்க.”

வாளை உருவப்போன காவலனை ராஜா கையமர்த்தினார். பட்டம் சூட்டிய நாளிலிருந்து அந்தச் சொல்லை அவர் சொன்னதே இல்லை.

“நான் பார்க்கவில்லை.”

கடைசிக் குவியலும் நிறைந்தது. மாயாவி பதராகிப் பறந்துபோனான். பண்டிதர்கள் மூவரும் பல்லக்கை இழந்து நடந்தே ஊர் போய்ச் சேர்ந்தார்கள். ராஜா களஞ்சியச் சாவியை வெள்ளச்சியிடம் நீட்டி, இனி எல்லாம் உன் பொறுப்பு என்று நீட்டி முழக்க ஆரம்பித்தார்.

அவள் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“பேச்சைப் பொறவு வச்சுக்கலாம் மகாராசா. மொதல்ல வண்டியக் கட்டச் சொல்லுங்க, ஈரம் காயுது.”