சுனையருகே தங்கை

"தாயே, பேச்சி என்னை ஏமாற்றிவிட்டாள்."

உமையம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மலைமேல் இருந்த அந்தச் சிறு மடத்துக்கு அவள்தான் குரு. எதிரே நின்ற வடிவைவிட வயதில் இளையவள்.

"என்ன செய்தாள்?"

"என் தங்கை கோமளத்தைப் பற்றி அவளிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்தாள். இப்போது மலை தாண்டிப் போய் அவளையே கூட்டிவந்துவிட்டாள். கோமளம் கீழே சுனையருகே உட்கார்ந்திருக்கிறாள்."

"பார்த்தாயா?"

"பார்க்கமாட்டேன். அம்மா செத்ததற்கு ஆள் அனுப்பாதவள் அவள். உப்பு விற்க வந்தவன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அதற்குள் எரித்துவிட்டார்கள். ஒரு மாதம் கழித்து என் வாசலில் வந்து நின்றாள். கதவைச் சாத்திவிட்டேன்."

வடிவின் குரல் உடைந்தது.

"கூடப் பிறந்தவள் அப்படி. கூட இருந்தவள் இப்படி. இனி யாரை நம்புவேன்?"

உமையம்மை ஒரு கீரைத்தண்டைக் கிள்ளிப் போட்டாள்.

"கால் எப்படி இருக்கிறது?"

"யார் கால்?"

"பேச்சி கால்."

வடிவுக்குத் தெரியவில்லை.

பேச்சி, தானும் வடிவும் தங்கும் மடத்துக் குடிலில் சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு பாதங்களிலும் கொப்புளங்கள் உடைந்திருந்தன. சரளைக்கல் சதைக்குள் ஏறியிருந்தது.

வடிவு வெந்நீர் வைத்தாள். ஒவ்வொரு கல்லாக எடுத்தாள்.

பேச்சி கண் விழித்தாள்.

"கோபமா?"

"ஆமாம்."

"இருக்கட்டும். நான் பேச்சு மாறியது மாறியதுதான்."

"எதற்காகப் போனாய்?"

"தூக்கத்தில் அவள் பேரைச் சொல்கிறாய், வடிவு. பக்கத்தில் படுத்திருக்கிறவளுக்குத் தாங்கவில்லை."

வடிவு துணியைப் பிழிந்தாள்.

"வழியில் என்ன சொன்னாள்?"

"சொல்ல வந்தாள். நான்தான் கேட்கவில்லை. அது உனக்குச் சொல்ல வேண்டியது என்றேன்."

வடிவு அந்தப் பாதங்களை மடியில் வைத்துத் துணி சுற்றினாள். சுற்றி முடித்தும் சற்று நேரம் கையை எடுக்கவில்லை. பிறகு எழுந்து சுனைக்கு இறங்கினாள்.

கோமளம் எழுந்து நின்றாள். நரைத்திருந்தாள்.

"அக்கா."

"சொல்."

"அம்மாவுக்கு வந்த அதே காய்ச்சல்தான் எனக்கும், அக்கா. அம்மா பக்கத்திலேயே நினைவில்லாமல் கிடந்தேன். ஊரார்தான் தூக்கிப்போய் எல்லாம் முடித்திருக்கிறார்கள். நான் கண் விழித்தபோது பாயைக்கூட எரித்துவிட்டிருந்தார்கள்."

கோமளம் ஓரடி முன்னால் வந்தாள்.

"அம்மா முகத்தை நானும் பார்க்கவில்லை, அக்கா."

கோமளம் மீண்டும் சுனையருகே உட்கார்ந்தாள்.

வடிவு மலையேறி வந்தாள். மூச்சு வாங்கியது. உமையம்மை அடுப்பருகே இருந்தாள்.

"தாயே, அவளுக்கும் காய்ச்சலாம். நினைவே இல்லையாம்."

"சரி."

"அது உண்மைதானா? எப்படித் தெரிந்துகொள்வேன்? சாட்சி சொல்ல யாரும் இல்லை. அந்த ஊரில் பாதிப்பேர் போய்விட்டார்கள்."

உமையம்மை கொதிக்கும் குழம்பைப் பார்த்தாள். மிளகாயைக் கையில் எடுத்தாள்.

"உன் தங்கை காரம் சாப்பிடுவாளா?"

"ஐயோ, போடாதீர்கள்! அவளுக்கு ஆகாது. சின்ன வயதில் தெரியாமல் கடித்துவிட்டு அழுதுகொண்டு என்னிடம்தான் ஓடி வருவாள். நான்தான் நாக்கை ஊதிவிட்டு..."

வடிவு நிறுத்தினாள்.

குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

உமையம்மை மிளகாயைக் கீழே வைத்தாள். அகப்பையை நீட்டினாள்.

வடிவு அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.