பொன்பூச்சு அரிவாள்

கரும்புத் தோட்டம் விடியற்காலைப் பனியில் மிதந்துகொண்டிருந்தது. மிராசுதார் மங்களநாதர் நீட்டிய எஃகு அரிவாள், பொன்னிறப் பூச்சில் இன்னொரு சூரியனாக மினுங்கியது.

"இந்தப் பூச்சு இருக்கே, தேயவே தேயாது. தேய்ச்சுக் காட்டு பார்ப்போம்! முடியலேன்னா இன்னியோட உனக்கு இங்கே வேலையில்ல."

சாணை பிடிக்கும் செங்காயி அரிவாளின் கூர்விளிம்பை விரலால் வருடினாள். அங்கேயும் பூச்சு வெண்ணெய்போல வழவழவென்று தடித்திருந்தது.

"ஆயிரம் வருஷமானாலும் தேயாதுங்க ஐயா."

மிராசுதாருக்கு உச்சி குளிர்ந்தது.

"உங்க கையாலேயே ஒரு கரும்பை வெட்டுங்க. கூலிக்காரங்க எல்லாரும் பார்க்கட்டும்."

ஓங்கி வெட்டினார். கரும்பு தூக்கத்தில் புரள்வதுபோலச் சாய்ந்து, நிமிர்ந்து, அவர் முகத்தில் பனித்துளிகளை உதறியது. அதன்மேல் ஒரு கீறல்கூட இல்லை.

"வெட்டினாத்தானுங்களே ஐயா தேயும்?"

மிராசுதார் அரிவாளைச் சாணைக்கு நீட்டினார். பனிக்குள் பொன்பொறிகள் பறந்தன.