மஞ்சள் முகத்தை மறந்த ராஜா

முன்னொரு காலத்தில் கோரைப்புல் நாட்டை இளவழுதி என்று ஒரு ராஜா ஆண்டு வந்தான். ஆண்டான் என்பது பேச்சுக்குத்தான். சாப்பிட்டு எழுந்தால் சாயங்காலம் வரைக்கும் காதல் கதை கேட்பான். வாசித்துக் காட்டுகிறவர் அவைப்புலவர் செஞ்சொல்லார். அவர் கதை எல்லாவற்றிலும் ஒரு ராஜா ஒருத்தியைப் பார்ப்பான், ஏழு ஜென்மத்துத் தொடர்பு என்று அந்த நொடியே தெரிந்துவிடும். மந்திரி கங்காதரருக்கு இதைக் கேட்டாலே கொட்டாவி வரும். மந்திரி நாற்காலி மேல் புலவருக்கு ஒரு கண் உண்டு.

அம்மன் திருவிழா முடிந்து ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் நீராட்டு. ராஜா யானை மேல் போனான். பாய்க்காரத் தெருவில் மூன்றாவது வீட்டு வாசலில் ஒருத்தி நின்றாள். ராஜா பார்த்தான், அவ்வளவுதான், இவளேதான் என்று முடிவு கட்டிவிட்டான். புலவர் உடனே ஆமாம் போட்டார். வெள்ளிக்கிழமை பல்லக்கு வரும், பெண்ணைத் தயார் செய்து வையுங்கள் என்று அந்த வீட்டுக்கு ஆள் அனுப்பினார்.

அந்தப் பெண் செங்கமலம். கோரைப்பாய் நெய்கிறவள். அவளோடு தறியில் உட்காரும் சடையனுக்கும் அவளுக்கும் கல்யாணம் நிச்சயமாகி, பந்தக்காலும் நட்டாயிற்று. வீட்டில் எல்லாரும் அழுதார்கள். அவள் அழுதுகொண்டிருக்கவில்லை, நேரே மந்திரி வீட்டுக்குப் போனாள். புதன்கிழமை சபைக்கு வந்து நடந்ததை அப்படியே சொல், உன் தெருவையும் பார்த்தவர் பேரையும் மட்டும் கேட்டாலொழியச் சொல்லாதே என்றார் மந்திரி.

புதன்கிழமை வந்தாள். ராஜா முதலில், காற்றை மறைக்காமல் தள்ளி நின்று பேசச் சொன்னான். அவள் தள்ளி நின்று சொன்னாள். தெருவோடு போன ஒருவர் என்னை ஒரு தடவை பார்த்தார், விதி என்கிறார், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, எனக்கு வேறு இடத்தில் நிச்சயமாகிவிட்டது என்றாள்.

ராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. "விதியெல்லாம் ராஜாக்களுக்கு அம்மா. தெருவில் போகிறவன் பார்த்தால் அது வெறும் பார்வை. நீ போய் நிச்சயித்தவனையே கட்டிக்கொள். எவன் தடுத்தாலும் அவன் என் எதிரி."

புலவர் ஆகா என்று கை தட்டினார். தீர்ப்பை எழுதிய ஓலையில் முத்திரை விழுந்தது. இதை யாராவது மாற்ற முடியுமா என்று மந்திரி கேட்டார். நானே நினைத்தாலும் முடியாது என்றான் ராஜா. அவன் பெருமையாகத்தான் சொன்னான்.

"எந்தத் தெரு, எந்த வீடு என்று மகாராஜாவுக்குச் சொல்லம்மா" என்றார் மந்திரி.

"பாய்க்காரத் தெரு, மூன்றாவது வீடு."

புலவர்தான் சமாளிக்கப் பார்த்தார். அன்றைக்கு முகம் முழுக்க மஞ்சள் அப்பியிருந்ததே, மகாராஜாவுக்கு எப்படி அடையாளம் தெரியும் என்றார்.

மந்திரி நிதானமாகச் சொன்னார். "ஏழு ஜென்மத்தைத் தாண்டி அடையாளம் தெரியும் என்றீர். மூன்று நாள் மஞ்சளைத் தாண்டித் தெரியவில்லை. அரை நாழிகை எதிரே நின்றாள் புலவரே. தள்ளி நில் என்றார் மகாராஜா."

ராஜாவுக்கு முகம் தொங்கிப்போயிற்று. வெட்கம்தான், வேறென்ன. ஆனால் நேர்மையான ஆள், கொடுத்த ஓலையைத் திரும்பக் கேட்கவில்லை. மந்திரிக்குத் தன் கைக் காப்பைக் கழற்றிக் கொடுத்தான். கல்யாணச் சீர்த் தட்டுகளைப் புலவரே தலையில் சுமந்து பாய்க்காரத் தெருவுக்குக் கொண்டு போகவேண்டும் என்றான். அவரும் பட்டு அங்கவஸ்திரத்தைச் சும்மாடாகச் சுருட்டி வைத்துச் சுமந்தார்.

கல்யாணத்துக்கு ராஜாவும் போனான். காதல் கதை கேட்கிற ஆசை விடவில்லை போலிருக்கிறது. மாப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, அவளை முதன்முதலாகப் பார்த்தபோது மனசு என்ன சொல்லிற்று என்று கேட்டான்.

சடையன் யோசித்துப் பார்த்தான்.

"முதல்ல எப்பப் பார்த்தேன்னு ஞாபகம் இல்லீங்க மகாராஜா. ஒரு நாள் அவ தறிக்கு வரல. அன்னைக்குத்தான் தெரிஞ்சுது."