கொத்தாத கல்

மாசிலாமணிக்கு வயது அறுபத்தைந்து. அவருடைய குருவுக்கு ஐம்பதுதான். பள்ளிக்கூட வேலையை விட்டு மலையடி மடத்துக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகியும், வாத்தியார் குணம் மட்டும் மாசிலாமணியை விட்டுப் போகவில்லை.

அன்றைக்கு ஊருக்குள் போய்விட்டுக் கொதித்துப்போய்த் திரும்பினார். மடத்து வாசலில் நாலு சருகு கிடந்தது. உடனே விளக்குமாற்றை எடுத்தார். கோபம் வந்தால் அவர் பெருக்குவார். வராவிட்டாலும் பெருக்குவார்.

"என்ன ஆச்சு வாத்தியாரே?" படியில் உட்கார்ந்திருந்த குரு கேட்டார்.

"நாளைக்கு டிராக்டர் வருதாம் சாமி. சரிவுல இருக்கிற வரப்பையெல்லாம் வெட்டித் தள்ளப் போறாங்க. உழ வசதியா இருக்குமாம். அப்புறம் ஐப்பசி மழையில அத்தனை மேல்மண்ணும் ஓடையோட போயிடும், புள்ளகுட்டி பட்டினி கிடக்கும்னு படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"'ஒரு மழைக்கு ஒரு கைப்பிடி மண்ணு போகுமா? போனாப் போகட்டும்'கிறான் சடையப்பன். கூட்டமே சிரிக்குது. கண்ணு முன்னால போற மண்ணு இவங்களுக்குத் தெரியலையே! நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லணும்."

குரு எழுந்து கீழே இறங்கினார்.

"நீங்க வந்த அன்னைக்கு இங்க எத்தனை படி?"

"மூணு. கடைசிப் படியில உட்கார்ந்துதானே செருப்பைக் கழட்டினேன்."

"இப்ப எண்ணுங்க."

எண்ணினார். நாலு இருந்தது. அடியில் இருந்த கல் மட்டும் உளி படாமல் கரடுமுரடாக இருந்தது. மண்ணுக்குள் கிடக்கப்போகிற கல்தானே என்று அந்தக் காலத்தில் படி கட்டியவர்கள் கொத்தாமல் விட்டிருந்தார்கள்.

"இதை யார் போட்டது சாமி?"

"யாரும் போடலை. நேத்துக் கால் இடறினப்பதான் நானே பார்த்தேன்."

மாசிலாமணி கையிலிருந்த விளக்குமாற்றைப் பார்த்தார். பிறகு, தினமும் குப்பைக்கூடையைக் கவிழ்க்கிற ஓடைப்பக்கம் பார்த்தார்.

"ஒரு நாளைக்கு ஒரு கைப்பிடி மண்ணுதானே சாமி போயிருக்கும்..."

சொன்ன வேகத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டார். வெட்கத்தில் காது வரை சுட்டது. விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்தார்.

கல்லின் கரடுமுரட்டை விரலால் தடவிக்கொண்டே கேட்டார்.

"நாளைக்கு டிராக்டர் வர்றதுக்குள்ள அவங்ககிட்ட நான் என்ன சொல்லட்டும் சாமி?"

"அங்க போய் ஒண்ணும் சொல்ல வேண்டாம். அவங்களை இங்க கூட்டிட்டு வாங்க. இந்தக் கல்லைக் காட்டுங்க. யார் பெருக்கினதுன்னும் சொல்லுங்க."