ஓலைப்படி சாகாதவன்

“சாமி, அவன் இன்னும் சாகவில்லை!”

வைத்தியர் பரிதியப்பர் மூச்சிரைக்க வந்து நின்றார். சீடரான அவருக்கு வயது அறுபத்தெட்டு. குரு பூவரசஞ்சாமிக்கு நாற்பதுகூட இல்லை.

“யார்?”

“வீரணன். தேர் அச்சாணியைத் திருடிச் சிறைக்குப் போய், அங்கே இருமலில் படுத்தவன். ஒரு மண்டலம் தாங்கமாட்டான், வீட்டில் போய்ச் சாகட்டும் என்று அரண்மனைக்கு நான்தான் ஓலை எழுதினேன். விட்டுவிட்டார்கள்.”

“நல்ல காரியம்.”

“மண்டலம் தாண்டி உயிரோடு இருந்தால் அவன் திரும்ப உள்ளே போகவேண்டும். பொய் ஓலை எழுதியதற்காக நானும்!”

மண்டலம் என்றால் நாற்பத்தெட்டு நாள். நாற்பதுதான் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. வைத்தியருக்கு இப்போது அவர்களைக் கண்டாலே ஆகாது.

“இன்று எத்தனையாவது நாள்?”

“நாற்பத்தாறு. பழைய சோற்றை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறான். கருவாட்டோடு!”

“கருவாடுமா?” சாமியின் முகத்தில் கவலை தெரிந்தது.

“தினமும் போய் நாடி பார்க்கிறேன். ‘வாங்கய்யா, இன்னிக்கும் இருக்கேன், மன்னிச்சுக்கணும்’ என்கிறான்.”

“நாளையும் போய்ப் பாரும்.”

நாற்பத்தெட்டாம் நாள் காலை வீரணனுக்கு மூச்சு முட்டியது. கண் செருகியது.

வைத்தியர் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். பொழுது சாய்வதற்குள் எல்லாம் சுபமாக முடிந்திருக்கும்.

அவர் மருந்தை இழைத்தார். புகட்டினார். நெஞ்சைத் தேய்த்துவிட்டார். வெந்நீர் தாமதமானதற்கு வீரணன் மனைவியைத் திட்டினார்.

சூரியன் மறைந்தபோது வீரணன் கஞ்சி கேட்டான்.

அப்போதுதான் வைத்தியருக்குத் தன் நிலைமை நினைவுக்கு வந்தது.

மறுநாள் சாமியிடம் விடைபெற வந்தார். இரண்டு பக்கமும் சேவகர்கள்.

“நான் எழுதியது பொய்யில்லை, சாமி! சிறையில் அன்று அவன் நாடி அப்படித்தான் இருந்தது. பிறகு எப்படித் தேறினான் என்றுதான் புரியவில்லை.”

“வெளியே வந்தபின் எத்தனை தடவை அவனைப் பார்த்தீர்?”

“நாற்பத்தெட்டு. போன இடத்தில் கை சும்மா இருக்குமா? ஏதாவது கஷாயம் கொடுத்துவிட்டு வருவேன்.”

“உள்ளே இருந்தபோது?”

“ஒரே தடவை. ஓலை எழுத.”

சாமி ஒரு பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊத ஆரம்பித்தார். வெகுநேரம் ஊதினார்.

“கிளம்புங்க ஐயா, நேரமாச்சு,” என்றான் ஒரு சேவகன்.

“இருப்பா. போகிற வழியில் என் வீடு. மருந்துப் பெட்டியை எடுத்துக்கொள்ளவேண்டும்.”

வைத்தியர் நாலடி நடந்து நின்றார்.

“ஆமாம், உள்ளே இருமுகிறவர்கள் மொத்தம் எத்தனை பேர்?”